பிளேஸ்மென்ட் அக்காவும் ஒரு பக்கக் கடிதமும்

பல்கலைக்கழகத்தில் அவரை எல்லோரும் பிளேஸ்மென்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட இருபது வயது மூத்த பேராசிரியர்களுக்கும் அவர் அக்காதான். ஒருமுறை துணைவேந்தரே மேடையில் "நம்ம பிளேஸ்மென்ட் அக்கா" என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களை ஏதாவது ஓர் அலுவலகத்தில் ஆறு வாரம் உட்கார வைத்து வேலை பழகச் செய்வதும், படிப்பு முடிந்ததும் வேலை தேடக் கைகொடுப்பதும் அவர் பொறுப்பு. அப்படி ஒரு பொறுப்பு முன்பு அங்கே கிடையாது. அவராகக் கேட்டு உண்டாக்கிக்கொண்டது அது.

அக்காவும் அதே துறையில் அதே ஆங்கில இலக்கியம் படித்தவர்தான். நல்ல மதிப்பெண். பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவருக்கு, இதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று சொல்ல ஆளில்லை. "டீச்சர் வேலைக்குப் படிச்சிருக்கியாம்மா?" "இல்லை சார்." "டைப்பிங்?" "கொஞ்சம் தெரியும் சார்." போன இடத்திலெல்லாம் நேர்முகத் தேர்வு இந்த அளவில் முடிந்துவிடும். நான்கு வருடம் ஒரு கூரியர் கம்பெனியில் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வந்து சேராத பார்சல்களுக்காக ஊரிலுள்ளவர்களிடமெல்லாம் வசவு வாங்கினார். பிறகு, படித்த துறையிலேயே எழுத்தர் வேலை காலியாக இருப்பது தெரிந்து விண்ணப்பித்தார். கிடைத்துவிட்டது. தனக்குப் பாடம் நடத்தியவர்களிடமே வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோய் நீட்டும் வேலை. முதல் நாள் கை கூசியது. பத்தாவது நாள் பழகிவிட்டது.

ஒன்பது வருடம் சான்றிதழ் அடித்துக் கொடுத்ததில் அவர் ஒன்றைக் கவனித்தார். படித்து முடித்துப் போனவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். சான்றிதழ் நகல் வேண்டும், நன்னடத்தைக் கடிதம் வேண்டும் என்று வருவார்கள். முதல் தடவை வரும்போது இருக்கிற பேச்சும் சிரிப்பும் மூன்றாவது தடவை இருக்காது. தரையைப் பார்த்துக்கொண்டே படிவத்தை நீட்டுவார்கள். அந்தப் பார்வை அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவரும் அப்படித்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நாலைந்து வருடம் திரிந்தார். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். வருகிறவர்களிடம், "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். செருப்புக் கடை. அப்பா கடையில் இருக்கேன். சும்மா இருக்கேன். கல்யாணம் ஆகப்போகுது. சும்மா இருக்கேன். சும்மா.

மூன்று வருடம் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு ஒருநாள் துறைத் தலைவரின் அறைக்குள் போனார். துறைத் தலைவர் இளகிய மனசுக்காரர். கெட்ட செய்தி கேட்டால் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார். நாலு பக்கம் புரட்டியதும் நோட்டை மூடிவிட்டார்.

"இதை ஏம்மா என்கிட்ட கொண்டுவந்து காட்டறே? மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

"எனக்கு ஒன்பது வருஷமா கஷ்டமா இருக்கு சார். பங்கு போட்டுக்கலாம்னு வந்தேன்."

அவர் சிரிக்கவும் முடியாமல் கோபிக்கவும் முடியாமல் பார்த்தார். அக்கா அந்த இடைவெளியில் புகுந்துவிட்டார்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல என்னை விட்டுடுங்க சார். ஒரு மேஜை, ஒரு போன் போதும். இன்ஜினியரிங் பிள்ளைங்களுக்குக் கம்பெனி தேடிக் கொடுக்க ஒரு மாடி முழுக்க ஆள் இருக்கு. நம்ம பிள்ளைங்களுக்கு நான் ஒருத்தியாவது இருக்கேனே."

கிடைத்தது மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. உடைந்த நாற்காலிகளும், நாடகக் குழு எப்போதோ செய்துவைத்த ஓர் அட்டைக் கோட்டையும் உள்ளே கிடந்தன. தூசி தட்டிக் கூட்டிப் பெருக்கவே இரண்டு நாள் ஆயிற்று. கூரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். உயரமான மாணவர்கள் எழுந்திருக்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டுதான் நன்றி சொல்வார்கள். மணி அடித்தால் வகுப்பு மாறுகிற கூட்டம் முழுக்கத் தலைக்கு மேல் தடதடவென்று இறங்கும். அந்தப் பத்து நிமிடம் போனில் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது.

முதல் வருடம் அக்கா கால் தேய நடந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர் மரியாதையாக உட்கார வைத்து, "இலக்கியமா? எங்க ஆபீஸ்ல கவிதை எழுதற மாதிரி ஒண்ணும் நடக்கறதில்லையேம்மா" என்றார். ஓடு தயாரிக்கும் தொழிற்சாலையில், "நல்லா இங்கிலீஷ் பேசுவாங்கன்னா வாசல்ல ரிசப்ஷன்ல நிக்கட்டும். ஆனா சிரிச்ச முகமா இருக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வருடம் பதினோரு பேருக்கு இடம் கிடைத்தது. அதில் ஏழு பேர் ஆறு வாரமும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு வந்தார்கள்.

"அந்த மெஷினை இப்ப கண்ணைக் கட்டிவிட்டாலும் ரிப்பேர் பண்ணிடுவேன்க்கா" என்றான் ஒருவன். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்குப் போகிற வழியில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டார்.

அவருக்கு வழி திறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில். அக்காவின் கணவர் டவுன் பஸ் டிரைவர். ஆறு நாளில் சேர்ந்த எரிச்சலை ஏழாவது நாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால்தான் கொட்டுவார்.

"பஸ் ஸ்டாண்டுல புதுசா ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. இருபத்தேழாம் நம்பர் இனிமே எந்தப் பக்கமா போகும்னு. ஜனங்க நின்னு படிக்கறாங்க. பொறுமையா, முழுசா படிக்கறாங்க. படிச்சு முடிச்சுட்டு நேரா என்கிட்ட வந்து, 'அண்ணே, இந்த பஸ் எந்தப் பக்கமா போகும்?'ங்கறாங்க. நான் வண்டி ஓட்டறதா, நோட்டீஸுக்கு அர்த்தம் சொல்றதா?"

பத்து வயது மகள் வாயில் இருந்த சோறு தெறிக்கச் சிரித்தாள். அக்கா குழம்புக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"ஏங்க, அந்த நோட்டீஸை எழுதினது யாரு?"

"யாருக்குத் தெரியும்? ஆபீஸ்ல எவனாவது எழுதியிருப்பான். முதல்ல குழம்பை ஊத்து."

மறுநாள் முதல் அக்கா கேள்வியை மாற்றிக்கொண்டார். வேலை காலி இருக்கிறதா, எங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொள்வீர்களா என்று எங்கேயும் கெஞ்சவில்லை. போன இடத்திலெல்லாம் ஒன்றைத்தான் கேட்டார். "உங்க ஆபீஸ்லேருந்து வெளியே போற தாள்ல, எந்தத் தாளைப் படிச்சுட்டு ஜனங்க உங்களுக்கு அதிகமா போன் பண்றாங்க?"

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கேள்வி வேலை செய்தது. அதுவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். குடிநீர் வாரிய அதிகாரி மேஜை டிராயரைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து, "இதோ, இந்தச் சனியன்தான்" என்றார். லிஃப்ட் கம்பெனிக்காரர், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் படிப்பதற்கென்று பதினாறு வரியில் ஒட்டிவைத்திருந்த அறிவிப்பைத் தானே ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ் கேள்வியை முடிக்கவே விடவில்லை.

"இருக்கு. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னாடி அனுப்பற லெட்டர். வாரத்துக்கு அஞ்சு பேர், ஆறு பேர் காலையில வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு வந்து படுத்துக்கறாங்க. சாப்பிட்டவங்களுக்கு எப்படி மயக்க மருந்து கொடுக்கறது? தேதியைத் தள்ளிப் போடணும். டாக்டர் என்மேல பாய்வார். வந்தவங்க அழுதுட்டே வீட்டுக்குப் போவாங்க. ஏன் சாப்பிட்டீங்கன்னு கேட்டா, சாப்பிடக்கூடாதுன்னு எங்க போட்டிருக்குன்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க."

பல மொழிக்காரர்கள் இருக்கிற ஊர். ஆகவே ஆஸ்பத்திரிக் கடிதமெல்லாம் ஆங்கிலத்தில்தான் போகும். அக்கா அந்தக் கடிதத்தைப் பார்த்தார். இரண்டு பக்கம். நெருக்கமான எழுத்து.

"இதுக்கு ஒருத்தரை அனுப்பறேன்" என்றார்.

அவர் மனதில் இருந்தது சீனியர். மூன்றாம் வருட மாணவி, வயது நாற்பது, அக்காவைவிட ஒரு வயது பெரியவர். பதினைந்து வருடம் ஒரு பேக்கரியில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பொட்டலம் கட்டியவர். பிள்ளைகள் இருவரும் பெரிய வகுப்புக்குப் போன பிறகு, பள்ளிக்கூடத்தோடு விட்ட படிப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கூடப் படிக்கிற பிள்ளைகள் வைத்த பெயர்தான் சீனியர். மூன்று ஆபீஸ்கள் அவர் விண்ணப்பத்தில் பிறந்த தேதியைப் பார்த்ததுமே, "டிரெய்னிங்குக்கு வர்ற வயசா இது?" என்று திருப்பி அனுப்பியிருந்தன. அவரும் பிளேஸ்மென்ட் அக்காவை அக்கா என்பார். இவரும் அவரை அக்கா என்பார். இருவரும் பேசினால் கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும்.

"ஆஸ்பத்திரியில வேலை அக்கா. ஒரே ஒரு லெட்டர்தான். போறீங்களா?"

"ஒரு லெட்டருக்கு ஆறு வாரமாக்கா?" என்று கேட்டார் சீனியர். ஆனால் அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

முதல் ஏழு நாள் சீனியர் ஒரு வரிகூட எழுதவில்லை. நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் அவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். கடிதத்தைக் கொடுத்து, "கொஞ்சம் படிச்சு என்ன போட்டிருக்குன்னு சொல்றீங்களா?" என்று கேட்பார். தலைமை நர்ஸுக்கு இது விளங்கவில்லை. "கேட்டா எல்லாரும் புரியுதுன்னுதானே தலையாட்டறாங்க?" என்றார்.

"கடையில பதினஞ்சு வருஷம் பார்த்திருக்கேன் சிஸ்டர். புரியாதவங்கதான் வேகமா தலையாட்டுவாங்க" என்றார் சீனியர்.

நான்காம் நாள் ஒரு டாக்ஸி டிரைவர் அகப்பட்டார். அன்று காலைதான் சாப்பிட்டுவிட்டு வந்து, ஆபரேஷன் தள்ளிப்போய், வீட்டுக்குப் போக மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைச் சுட்டிக்காட்டினார். "இங்க பாருங்க. ராத்திரி பன்னெண்டு மணியிலேருந்து ஃபாஸ்ட்னு போட்டிருக்கு. சீக்கிரமா வரணும்ங்கறாங்கன்னு, விடியறதுக்கு முன்னாடியே அவசர அவசரமா சாப்பிட்டுட்டு ஓடி வந்தேன். ஓடி வந்தவனைப் போ போங்கறாங்க!"

சீனியர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாஸ்ட் என்றால் உண்ணாமல் இருப்பது. ஃபாஸ்ட் என்றால் வேகம். ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் இருக்கும், அதில் படிக்கிறவர் எதை எடுத்துக்கொள்வார் என்று மூன்று வருடமாக வகுப்பில் உட்கார்ந்து பேசியது இதைத்தானே என்று அவருக்குத் தோன்றியது. எழுதியவர் முதல் அர்த்தத்தை நினைத்தார். படித்தவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். நடுவில் ஓர் ஆபரேஷன் நின்றுபோனது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், அக்காவின் அறையில் போன் அடித்தது. அதே நேரம் வகுப்பு மணியும் அடித்தது. தலைக்கு மேல் கூட்டம் இறங்கியது. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் பேசுகிறார் என்பது மட்டும் புரிந்தது. "யாரைக் கேட்டு... இலக்கியம்... இன்னைக்கே திருப்பி..." அவ்வளவுதான் காதில் விழுந்தது. அந்த ஒரு ஆஸ்பத்திரி கதவைச் சாத்தினால் சேதி ஊர் முழுக்கப் போகும். கையில் கிடைத்த பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

டாக்டரின் அறையில் சீனியர் ஓர் ஓரமாக நின்றிருந்தார். தலைமை நர்ஸ் கைகளைக் கட்டிக்கொண்டு மற்றோர் ஓரமாக. மேஜைமேல் பழைய கடிதமும், சீனியர் எழுதிய புதிய கடிதமும் கிடந்தன. புதியது ஒரே பக்கம். முதல் வரியே, ஆபரேஷன் நாளன்று காலையில் எதுவும் சாப்பிடாதீர்கள் என்பதுதான்.

"மருத்துவக் கடிதத்துல ஒரு எழுத்தை மாத்தணும்னாலும் ரெண்டு கமிட்டி பார்க்கணும்" என்றார் டாக்டர். "இவங்க ஒரு பக்கத்தையே தூக்கிட்டாங்க. மிச்சம் இருக்கறது சின்னப் பிள்ளைங்களுக்கு எழுதின மாதிரி இருக்கு."

மன்னிச்சுக்குங்க என்ற சொல் அக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை வருடம் எழுத்தராக இருந்தவருக்கு அது தானாக வரும். அதை விழுங்கினார்.

"டாக்டர், வெளியே ஹால்ல இருபது பேர் உட்கார்ந்திருக்காங்க. பத்து பேருக்குப் பழைய லெட்டரைக் கொடுங்க, பத்து பேருக்குப் புதுசு. படிச்சு முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி. ஆபரேஷன் அன்னைக்குக் காலையில என்ன பண்ணுவீங்க? நீங்களே கேளுங்க. புதுசு தோத்துட்டா நான் இவங்களைக் கூட்டிட்டுப் போயிடறேன்."

டாக்டர் தலைமை நர்ஸைப் பார்த்தார். "கேட்டுத்தான் பாருங்களேன் டாக்டர்" என்றார் நர்ஸ்.

ஹாலுக்குப் போகும்போது சீனியர் மெதுவாகக் கேட்டார். "அக்கா, சரியா இருபது பேர்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. குத்துமதிப்பா அடிச்சுவிட்டேன்."

இருபத்துமூன்று பேர் இருந்தார்கள். முதலில் பழைய கடிதம் வாங்கியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் ஒரு சொல் விடாமல் படித்தார். "எழுதினவர் நல்ல படிப்பாளியா இருக்கணும்" என்று பாராட்டினார்.

"சந்தோஷம். ஆபரேஷன் அன்னைக்குக் காலையில என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"லேசா ஏதாவது சாப்பிட்டுட்டு, நேரத்தோட வந்துடுவேன்."

டாக்டர் அந்தப் பழைய கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அடுத்தவரிடம் போனார். பழைய கடிதம் படித்த பத்துப் பேரில் மூன்று பேர்தான் சரியாகச் சொன்னார்கள். புதிய கடிதம் படித்தவர்களில் ஒன்பது பேர் பட்டென்று, "சாப்பிடாம வரணும்" என்றார்கள். பத்தாவது அம்மாள், "கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்யா, யாராவது படிச்சுக் காட்டுங்க" என்றார். சீனியர் படித்துக் காட்டினார். "அட, வெறும் வயித்தோட வரச் சொல்றாங்க. இதுக்கா இத்தனை கூட்டம்?" என்றார் அந்த அம்மாள்.

டாக்டர் அறைக்குத் திரும்பி வந்து புதிய கடிதத்தை முதலிலிருந்து மறுபடி படித்தார். "இதை எழுத எத்தனை நாள் ஆச்சு?"

"பதினோரு நாள் டாக்டர். ஏழு நாள் கேட்டேன். நாலு நாள்தான் எழுதினேன்" என்றார் சீனியர்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "சர்க்கரைக்கு மாத்திரை போடறவங்க அன்னைக்குக் காலையில என்ன பண்ணணும்? அது இதுல இல்லை. பழைய லெட்டர்ல இருந்தது."

சீனியரின் முகம் சுண்டிப்போனது. "ஆமா டாக்டர். பெரிய தப்பு. விட்டுட்டேன்."

"அதுக்குத்தான் கமிட்டி" என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பழைய சூடு இல்லை. "உட்காருங்க. அந்த வரியை நாம ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம்."

அக்கா சத்தம் போடாமல் வெளியே வந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

இரண்டு கமிட்டியும் பார்த்து, சீனியரின் ஆறு வாரம் முடிவதற்குள் புதிய கடிதம் அச்சாகிவிட்டது. அடுத்த மூன்று மாதம் தலைமை நர்ஸ் சனிக்கிழமைதோறும் போன் செய்தார். "இந்த வாரம் ரெண்டு பேர்." "இந்த வாரம் ஒருத்தர், அவரும் வேணும்னே சாப்பிட்டவர்." ஒரு சனிக்கிழமை ஹலோகூடச் சொல்லாமல், "ஒருத்தர்கூட இல்லை!" என்று கத்தினார். அக்கா அதை அட்டையில் தேதியோடு எழுதிச் சரிந்த கூரையில் ஒட்டினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து துணைவேந்தருக்குக் கடிதம் வந்தது. ஒவ்வொரு பருவத்திலும் நான்கு ஆங்கில மாணவர்களை அனுப்பி வைக்குமாறு கேட்டிருந்தார்கள். நோயாளிகளுக்குப் போகும் கடிதங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தர வேலையும் உண்டாக்கினார்கள். அதற்கு ஒன்பது பேர் போட்டியிட்டார்கள். பட்டம் வாங்கிய அடுத்த மாதம் சீனியர் அந்த வேலையில் சேர்ந்தார். நேர்முகத் தேர்வில் வயதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

சேதி பரவியது. குடிநீர் வாரியம் இரண்டு பேரைக் கேட்டது. லிஃப்ட் கம்பெனி ஒருவரை எடுத்து, அந்தப் பதினாறு வரியை நான்காக்கிக்கொண்டது. மூன்றாம் வருடம் நாற்பத்தாறு பேருக்கு இடம் கிடைத்தது. ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை. அக்காவுக்கு எழுத்தர் வேலையிலிருந்து விடுதலை, முதல் மாடியில் ஜன்னல் வைத்த அறை, உதவிக்கு இன்னொருவர் என்று எல்லாம் வந்தன. இன்ஜினியரிங் பிரிவின் பிளேஸ்மென்ட் அதிகாரி ஒருநாள் மாடியேறி வந்து, "கம்பெனியில போய் நீங்க என்னதான் கேக்கறீங்க?" என்று விசாரித்தார். அக்கா ஒளிக்கவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

சென்ற பருவத்தில் புதிதாக நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். சீனியர் அவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்கா ஹாலில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பெரியவர் கடிதத்தை விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த மனைவியிடம், "வியாழக்கிழமை காலையில எனக்கு ஒண்ணும் செய்யாதே. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் சாப்பாடு" என்றார். இருவரும் யாரிடமும் எதுவும் கேட்காமல் எழுந்து போனார்கள். அக்கா அவர்கள் வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு நிறைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது மகள் கேட்டாள். "அந்த லெட்டர்ல உன் பேர் இருக்காம்மா?"

"இல்லை."

"சீனியர் அத்தை பேரு?"

"அதுவும் இல்லை. எழுதினவங்க பேரை அதுல போட மாட்டாங்க. யாருக்குப் போகுதோ அவங்க பேருதான் மேல இருக்கும்."

மகளுக்கு இது நியாயமாகப் படவில்லை. "அப்ப யாருக்குமே தெரியாதே!"

"எனக்குத் தெரியுமே" என்றார் அக்கா.

"எனக்கும் தெரியும்" என்றார், பஸ் டிரைவர் உடுப்பை மாற்றிக்கொண்டு வந்த கணவர். "இன்னைக்கு வண்டியில நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன்."